என் எஞ்சினும் என் கணவர் கோத்த பெட்டிகளும்

ரயில் மாதிரிகள் செய்யும் ஆண்களைப் போலத் தங்களைப் பற்றி உயர்வாக நினைத்துக்கொள்ளும் ஒரு கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. காலமெல்லாம் சத்திரசிகிச்சை நிபுணர்களோடு வேலை செய்த தாதி சொல்கிறேன், நம்பலாம். எங்கள் மெரிலேண்ட்ஸ் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கும் மண்டபமொன்றில் சனிக்கிழமைகளில் சங்கமாகக் கூடுவார்கள். எல்லோரும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். ஒருவர் செய்த ரயில் பெட்டியில் கைப்பிடி ஒரு நூல் தள்ளியிருந்தால் மற்றவர் தேநீர் ஆறும்வரை அதையே பேசுவார். நான் முதல்முதலாக உள்ளே போனபோது சமையலறை எங்கே இருக்கிறதென்று மிக அன்பாகக் காட்டினார்கள்.

நான் செய்வது ஸ்கொட்லாந்தின் வட பகுதியில் ஓடிய நீல நிற டீசல் எஞ்சின்கள். இளம் வயதில் அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். லீவு கிடைத்தால் வடக்கே போகும் ரயிலில் ஏறிக் கடைசி நிலையம் வரை போய்த் திரும்புவேன். அறையில் இருப்பதைவிட ரயிலில் கணகணப்பாக இருக்கும். எஞ்சினுக்குள் ஒரு கொதிகலன் உண்டு. அதிலிருந்து குழாய் வழியாக வரும் நீராவிதான் பெட்டிகளைச் சூடாக்கும். கால்விரல் வெந்துவிடும், மூக்கு நுனி விறைத்திருக்கும். பிற்காலத்துப் பெட்டிகளுக்கு மின்சாரச் சூடு. பழைய எஞ்சினில் புதிய பெட்டியைக் கோத்தால் ரயில் ஓடும், உள்ளே இருப்பவர்கள் குளிரில் விறைத்துப்போவார்கள்.

கடையில் விற்பது இங்கிலாந்தில் ஓடிய எஞ்சினின் மாதிரி. அதை வாங்கி நீலச் சாயம் பூசிவிட்டு ஸ்கொட்லாந்து என்று சொல்லும் சோம்பேறிகள் சங்கத்தில் நிறைய உண்டு. நான் அந்த எஞ்சினின் மூக்கை அரத்தால் ராவி, ரயில் தெருவைக் கடக்கும் படலையில்லாத கடவைகளுக்காக அங்கே பொருத்திய கார் விளக்கை வைத்தேன். முன்னால் சிறிய பனிக் கலப்பை. கூரையில் கொதிகலனின் புகைவாய். அதில் கோக்க நீராவிச் சூட்டுப் பெட்டிகள் நாலையும் அப்படியே செய்தேன், எனக்குத் திருப்தி வரும்வரை. வீட்டுக்கு வருகிற அன்ரிமார் எட்டிப் பார்த்து, "உதென்ன, பேரப்பிள்ளையளுக்கே?" என்பார்கள். ஓம் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அவர்களுக்கு விளக்குவதைவிட அரத்தைப் பிடிப்பது நல்ல வேலை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வருடாந்தக் கண்காட்சியில் ஸ்கொட்லாந்துப் பாதையை அமைத்திருக்கும் சங்கத்தின் பெரிய மேசையில் என் ரயில் ஓட வேண்டும். அதைச் செய்தவள் நான் என்று நாலு பேர் அறிய வேண்டும்.

கண்காட்சியன்று சாமான்களைத் தூக்க என் கணவர் வந்தார். அவருக்கு டீசல் என்றால் சேர்விஸ் ஸ்டேஷனில் காருக்கு அடிப்பது. மேசைப் பொறுப்பாளர் எஞ்சினைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என் கணவரைப் பார்த்தார். "அற்புதமான வேலை. இந்தப் புகைவாயை நீங்களே செய்தீர்களா?"

"நான் செய்தது," என்றேன்.

"சாயம் பூச உதவினீர்களாக்கும்," என்று சிரித்தார் அந்த மனிதர். நான் கணவரைப் பார்த்தேன். அவர் மறுப்பார் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொஞ்சம் பொறுமை வேண்டும்," என்றார். ஒரு அரத்தை எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்று தெரியாத மனுசன்! சுற்றி நின்ற கிழவர்கள் தலையாட்டினார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லத் தொடங்கினார்.

காரில் இருந்த என் பெட்டிகளை எடுத்துவரப் போனேன். திரும்பி வந்தபோது ரயில் ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பெட்டிகளைக் கோக்கலாம் என்று பொறுப்பாளர் இவரைக் கேட்டிருக்கிறார். இவரும் சங்கத்து அலுமாரியில் பளபளப்பாக இருந்தவற்றைக் காட்டியிருக்கிறார். பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த, ஏசி பூட்டிய, மின்சாரச் சூட்டுப் பெட்டிகள். கைப்பிடிக்காகச் சண்டை பிடிக்கும் அத்தனை மேதைகளும் அதை வாய் பிளந்து ரசித்துக்கொண்டு நின்றார்கள். என் பெட்டிகளைக் கீழே வைத்தேன். ஓடட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் பேரனோடு வந்தார். இரண்டு சுற்றுப் பார்த்தார். "எஞ்சின் அச்சு அசல். ஆனால் அதில் கொதிகலன், பெட்டிக்கோ மின்சாரச் சூடு. பயணிகள் எல்லோரும் குளிரில் செத்திருப்பார்கள். யார் செய்தது இதை?" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

கிழவர்கள் எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "என் மனைவி செய்தது," என்று என்னைக் கையால் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "சொல்லுமன், நீர்தானே செய்தனீர்," என்றார்.

"ஓம், நான்தான் செய்தனான்," என்று அவருக்குச் சொல்லிவிட்டு மேசைக்குப் போய் ரயிலை நிறுத்தினேன். பளபளப்புப் பெட்டிகளைக் கழற்றி இவர் கையில் திணித்தேன். என்னுடைய நாலையும் கோத்தேன். ஸ்கொட்லாந்துக்காரர் கார் விளக்கைக் கண்டு, நான் அந்தப் பாதையில் பயணம் செய்தவளா என்று கேட்டார். கால்விரல் வெந்த கதையைச் சொன்னேன். அவருக்கும் வெந்திருக்கிறது. ரயிலை ஓட்டும் கருவிக்காகப் பொறுப்பாளர் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. மண்டபம் பூட்டும்வரை நானே ஓட்டினேன், கேட்டவர்களுக்கு நானே பதில் சொன்னேன்.

திரும்பும்போது கார் பரமட்டாவைத் தாண்டியது. கணவர் மெல்லத் தொடங்கினார்.

"பாத்தீரே, நான் சொன்னபடியால்தான் நீர் செய்ததெண்டு எல்லாருக்கும் தெரிய வந்தது."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நன்றி சொல்வேன் என்று காத்திருந்தார்.