கித்துல்கலவுக்குப் போன ரம்புட்டான் வைன்

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்கு நானும் என் மனைவி மேரியும் தோட்டத்தை விட்டுப் புறப்பட்டோம். மேரி மடியில் ஒரு கூடை. கூடைக்குள் மூன்று போத்தல் ரம்புட்டான் வைன். எஹலியகொட டவுன் வரைக்கும் த்ரீவீலர், முந்நூற்றைம்பது ரூபாய்.

எதற்குப் போகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். போனில் எங்களுக்கு ஒரு குரூப் இருக்கிறது. பெயர் 'ஒரு சொட்டு'. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து இப்போது எங்கெங்கோ வேலை செய்கிற ஆட்கள். அவரவர் குடிக்கிறதைப் படம் பிடித்துப் போட்டு, ருசியைப் பற்றி இரண்டு வரி எழுதுவார்கள். பியர், விஸ்கி, வைன், கள்ளு, எதுவானாலும் சரி. குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவனுக்கு அங்கே இடம் கிடையாது. வருஷத்தில் ஒரு நாள் கித்துல்கலவில் கூடுவோம். ஒவ்வொருவரும் ஒரு சாமான் கொண்டுவர வேண்டும்.

நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். விஸ்கிக்கு வசதி இல்லை. போன கிறிஸ்மஸுக்கு மேரி போட்ட வைனைப் படம் பிடித்துப் போட்டேன். கேகாலை செல்வம் அதற்குக் கீழே எழுதினான். அவனுக்குக் கொழும்பு ஹோட்டல் ஒன்றின் பாரில் வேலை.

"சூசை அண்ணே, இது வைனா, இருமல் மருந்தா?"

எல்லாரும் சிரிக்கிற மூஞ்சி போட்டார்கள். மேரியும் பார்த்துவிட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து வருஷம் தவறாமல் வைன் போடுகிறவள். "இனிமே போட மாட்டேங்க" என்றாள். அதோடு பேச்சை விட்டுவிட்டாள்.

ஆடி மாதம் ரம்புட்டான் பழுத்தது. இரண்டு கூடை பறித்து அடுப்படியில் வைத்தேன். மேரி பழத்தையே பார்த்தாள். பிறகு உரிக்க உட்கார்ந்தாள்.

"இதுதான் கடைசி. அந்த ஆளு முன்னால ஊத்துங்க. வேணாம்னுட்டா நம்ம வீட்டுல வைன் பேச்சே எடுக்கக்கூடாது."

"நீயும் வா" என்றேன்.

டிசம்பரில் ருசி பார்த்தபோது கொஞ்சம் புளித்தது. மேரி சீனி போட்டுக் கலக்கிப் போத்தலில் ஊற்றினாள். பஸ்ஸில் சிந்தக்கூடாது என்று மூடுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். தோட்டத்தில் எது ஒழுகினாலும் நாங்கள் ரப்பர் பால்தான் வைப்போம். கூரை, பேசின், செருப்பு எல்லாவற்றுக்கும் அதுதான். கார்க்கை அடைத்து, போத்தல் கழுத்தைப் பாலில் மூன்று தடவை முக்கி, அடுப்புக்கு மேலே காயவைத்தேன். நல்ல தோல் பிடித்தது.

எஹலியகொடவிலிருந்து அவிசாவளைக்கு ஒரு பஸ். அங்கே அட்டன் பஸ்ஸில் ஏறினோம். கித்துல்கல முப்பத்தேழு கிலோமீட்டர். டிக்கெட் ஆளுக்கு நூற்றறுபது. உட்கார இடம் கிடைத்தது, ஆனால் வெயில் பக்கம். கரவனெல்ல தாண்டினதும் ஆறு கூடவே வர ஆரம்பித்தது.

யட்டியாந்தோட்டையில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. அப்போது கூடைக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். மேரி துண்டை விலக்கினாள். ஒரு போத்தலின் கார்க் மேலே கிளம்பிவிட்டது. ரப்பர் தோல் எலுமிச்சங்காய் அளவுக்கு ஊதி நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த இரண்டும் கிளம்பின. பிறகு மூன்றும் முட்டை அளவுக்கு வந்தன. சீனி போட்டதும் வைன் மறுபடி பொங்க ஆரம்பித்திருக்கிறது. காற்றுப் போக நான் வழி வைக்கவில்லை.

கண்டக்டர் வந்து எட்டிப் பார்த்தார். "மே மொனவாத அக்கே?" இது என்ன என்று கேட்டார்.

"நத்தலுக்கு வைன்" என்று மேரி கிறிஸ்மஸைச் சிங்களத்தில் சொன்னாள்.

அட்டன் போய்ச் சேருவதற்குள் பஸ் பறந்துவிடும் என்று அவர் டிரைவரிடம் சொன்னார். பின் சீட்டுவரை சிரிப்பு.

மேரி சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றினாள்.

"குத்தாதே. பஸ் பூராத் தெறிக்கும்."

"அப்ப இறங்கிருவோங்க. சும்மாவே மருந்துன்ன ஆளு. இதைப் பார்த்தா என்ன சொல்வாரோ."

"ரப்பர் கிழியாது."

"ஒங்க ரப்பர்தானே இந்த வேலையப் பண்ணுச்சு."

அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

பத்து மணிக்குக் கித்துல்கல. ஆற்றில் படகு விடப் போகிற வெள்ளைக்காரர்கள் ஹெல்மெட்டோடு ரோட்டைக் கடந்தார்கள். எங்கள் கூடையைப் பார்த்து ஒருவர் நின்றார். ஆற்றோரத்து கெஸ்ட் ஹவுஸில் எங்கள் குரூப் தேவாவுக்குக் காவல் வேலை. பின்னால் உள்ள ஹாலை முதலாளியிடம் கேட்டு வாங்கியிருந்தான். போத்தல்களை வாங்கி, ஒன்றும் கேட்காமல், மற்றச் சாமான்களோடு வலைப்பையில் கட்டி ஆற்றுத் தண்ணீரில் இறக்கினான். மேரி அவன் பெண்சாதியோடு சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

வந்தவர்கள் எட்டுப் பேர். எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கொண்டுவந்தவன் தன் சாமானைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. குடித்தவன் நல்லது கெட்டது சொல்லக்கூடாது. பிடிக்கவில்லை என்றால் கிளாஸைக் கவிழ்த்து வைக்கலாம். இன்னும் வேண்டுமானால் கிளாஸை நீட்டலாம்.

செல்வம் ஸ்கொட்லாந்து விஸ்கி ஊற்றினான். புகை வாடை. கண்ணை மூடினால் ரப்பர் ஷீட்டைப் புகையில் காயப்போடுகிற ஸ்மோக் ஹவுஸில் நிற்கிற மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்தது. நீட்டினேன். லொறி ஓட்டுகிற சிங்களக்காரர் பண்டா அன்று காலையில் இறக்கிய கித்துள் மரத்துக் கள்ளு கொண்டுவந்திருந்தார். ஒருவரும் கவிழ்க்கவில்லை. தேவாவின் கறுப்பு பியரை இரண்டு பேர் கவிழ்த்தார்கள். பிறகு என் முறை.

ஆற்றுக் குளிரில் ரப்பர் கொஞ்சம் சுருங்கியிருந்தது. கத்தியால் அறுத்தேன். 'ஸ்ஸ்' என்று நுரை வந்து கையை நனைத்தது. கிளாஸில் ஊற்றினேன். வெளிர் நிறம். அடியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி ஏறிக்கொண்டே இருந்தது. மேரி சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

செல்வம் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தான். மோந்தான். ஒரு வாய் குடித்தான். முழுசும் குடித்தான். கிளாஸை மேசையில் வைத்துக் கையை அதன் மேலேயே வைத்திருந்தான். கவிழ்க்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

அவன் எழுந்தான். என்னிடம் வரவில்லை. நேரே மேரியிடம் போய்க் கிளாஸை நீட்டினான்.

"அக்கா, இன்னொரு சொட்டு."

பண்டா நீட்டினார். தேவா நீட்டினான். எட்டுக் கிளாஸும் நீண்டன. மேரியே ஊற்றினாள். மூன்று போத்தலும் காலியானபோது விஸ்கி பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

எல்லாம் குடித்து முடித்தபிறகு பேசலாம். "காத்து எப்படிக்கா ஏத்துனீங்க? எங்க ஹோட்டல்ல இந்த மாதிரி சாமானுக்கு மூடியில கம்பி கட்டி வெச்சிருப்பாங்க" என்றான் செல்வம்.

"அவரைக் கேளுங்க. நான் ஊக்கால குத்தப் போனேன். அவர்தான் விடலை."

"போன வருஷம் நான் போன்ல எழுதினது..."

"எதைத் தம்பி எழுதினீங்க? எனக்கு ஞாபகம் இல்லையே."

தேவா பெண்சாதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பண்டாவுக்கு யாரோ சிங்களத்தில் சொன்னார்கள். அவர் சிரித்த சிரிப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். செல்வம் தலையைச் சொறிந்தான். பிறகு போனை எடுத்து மேரி நம்பரைக் கேட்டான். அந்தக் குரூப்பில் அதுவரை பெண்கள் இல்லை.

மூன்று மணிக்கு அவிசாவளைக்குக் கீழே இறங்குகிற பஸ் வந்தது. எல்லாரும் ரோட்டுக்கு வந்து நின்றார்கள். "மேரியக்கா வீட்டுக்காரரே, அக்காவைப் பத்திரமா கூட்டிட்டுப் போங்க" என்று தேவா கத்தினான். பஸ்ஸுக்குள் மேரியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பழம் எத்தனை கிலோ, சீனி எவ்வளவு என்று கேள்விகள். ஒரு விரலால் அழுத்தி அழுத்தி அவளே பதில் எழுதினாள்.

கித்துல்கல பெரிய இடம். ஆறு இருக்கிறது, வெள்ளைக்காரர் வருகிறார்கள். எங்கள் தோட்டத்தில் மரமும் மழையும்தான். ஆனால் அங்கே வீட்டுக்கு வீடு என்னைச் சூசை என்று கூப்பிடுவார்கள். கித்துல்கலவில் இனி நான் மேரியக்கா வீட்டுக்காரர். அடுத்த வருஷமும் போவேன்.