முகாம் வாசலில் ஒரு டி-ஷர்ட்

தெற்கு சூடானில் எங்கள் அமைதிப்படை முகாமுக்கு வெளியே கூடும் சந்தைக்குப் போனால், அவிநாசிக்கே வந்துவிட்டதுபோல் இருக்கும். ஆட்களைப் பார்த்து அல்ல, அவர்கள் போட்டிருக்கும் டி-ஷர்ட்டுகளைப் பார்த்து. நம் பக்கத்துப் பனியன் கம்பெனிகளில் தைத்து, ஐரோப்பாவில் யாரோ உடுத்திக் கழித்து, மூட்டைமூட்டையாக இங்கே வந்து சேர்ந்தவை. ராணுவத்தில் சேருமுன் இரண்டு வருடம் நான் அங்கே தையலில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் நின்றவன். என் மனைவி சுமதி இன்றும் அங்கேதான் நிற்கிறாள். டி-ஷர்ட் கண்ணில் பட்டால், கீழ் மடிப்பைப் புரட்டித் தையலைப் பார்க்காமல் எங்கள் இருவராலும் இருக்க முடியாது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தம்பியையே புரட்டிப் பார்த்துத் திட்டு வாங்கினேன்.

ஜனவரி பதினைந்து ராணுவ தினம். இந்த முறை ஊரில் பொங்கலும் அன்றே. முகாமில் படாகானா, அதாவது அதிகாரிகளே ஜவான்களுக்குப் பரிமாறும் விருந்து. பக்கத்துக் கிராமத்தாரையும் கர்னல் அழைத்திருந்தார். துப்பாக்கி பிடித்தவர்களிடம் நிறையப் பட்ட ஜனங்கள். நாங்கள் வந்து எட்டு மாதமாகியும் ஒருவர்கூட உள்ளே வந்ததில்லை. வரவேற்க வாசலில் என்னை நிறுத்தினார்கள். முதலில் வந்தவர் மாஜோக் என்ற பெரியவர், பின்னால் இருபது பேர். அவர் போட்டிருந்தது நீல டி-ஷர்ட். என் பாழாய்ப்போன கை தானாகப் போய் அதன் ஓரத்தைப் புரட்டிவிட்டது. மாஜோக் சட்டென்று இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். ஆயுதம் இருக்கிறதா என்று சோதிப்பதாக நினைத்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் திரும்பத் தொடங்கினார்கள். இன்று போனால் இனி வரவே மாட்டார்கள்.

"ஐயோ, இல்லீங்க! தையலத்தானுங்க பாத்தேன்!" என்று கும்பிட்டேன், அங்கே ஒருவருக்கும் புரியாத பாஷையில். பிறகு என் சீருடைக்குள்ளிருந்து பனியனை உருவி, அதன் மடிப்பைப் புரட்டிக் காட்டினேன். இதைப் பார்ப்பதுதான் என் மனைவியின் வேலை என்று மொழிபெயர்ப்பாளர் ஜானிடம் சொல்லச் சொன்னேன். மாஜோக் கைகளை இறக்கி, தன் சட்டையை நிதானமாகப் புரட்டி, பிரிந்திருந்த ஒரு நூலைப் பிடித்துக் காட்டினார். "அப்படியானால் இதை எப்படி விட்டாள்?" என்று கேட்பதாக ஜான் சொன்னான்.

அங்கேயே சுமதிக்கு வீடியோ கால் போட்டு நூலைக் காட்டினேன். "நீங்க வேறீங்க! அது எங்க டேபிள் பீஸே இல்லீங்க. நானா இருந்தா விட்டிருப்பனா?" என்று அவள் போட்ட சத்தத்தில் மாஜோக் விழுந்து விழுந்து சிரித்தார். இருபது பேரும் உள்ளே வந்தார்கள். எங்களுக்கு நடுவே பந்தியில் உட்கார்ந்தார்கள். கர்னல் சர்க்கரைப் பொங்கலை அள்ளி வைத்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கை கழுவும்போது, நான் ஊர் திரும்பும் நாளை மாஜோக் ஜான் மூலம் கேட்டார். ஏப்ரலில் என்றேன், அந்த நாளை எண்ணித்தான் தினம் காலண்டரைக் கிழித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதில் வாசலுக்கு வேறொருவர் வருவார் என்றும் சொன்னேன்.

"அவருக்கு இந்தச் சட்டையைத் தெரியுமா?" என்று கேட்டார்.

மறுநாள் காலண்டரைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை.