ஜனவரியில் எழுதியிருக்க வேண்டிய கடிதம்

என் மேசையில் ஒரு தேதி முத்திரை இருக்கிறது. பக்கவாட்டுச் சக்கரத்தை நகத்தால் தள்ளினால் தேதி மாறும், அவ்வளவுதான். ஆனால் மார்ச் கடைசி வாரத்தில் அதைப் பார்த்தாலே, முன்பு இதே நாற்காலியில் இருந்த எங்கள் கண்காணிப்பாளர் அம்மாவின் நினைவு வந்துவிடும்.

எங்களுடையது வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு. காப்பீட்டுச் சிகிச்சைக்கென்று அரசு தரும் பணத்தில் மிச்சம் இருந்தால், மார்ச் முப்பத்தொன்றோடு கருவூலத்துக்குத் திரும்பிவிடும். புது வருடப் பணம் கைக்கு வர மாதங்கள் ஆகும்; அதனால் மிச்சத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக மேலிடத்துக்கு எழுதி ஆணை வாங்க வேண்டும். முன்கூட்டியே எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். எழுத மாட்டோம். மிச்சம் இருக்கிறதென்று ஜனவரியில் ஒப்புக்கொண்டால், செலவழிக்கத் துப்பில்லை என்று அடுத்த வருட ஒதுக்கீட்டை வெட்டிவிடுவார்கள். அதனால் கடைசி வாரம்வரை வாயைத் திறக்காமல் இருப்பதுதான் எங்கள் சாமர்த்தியம். ஆணை தாமதமானால் அதற்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தோம். ஏப்ரல் பிறந்த பிறகும் சக்கரத்தைத் தள்ளாமல், வருகிற பில்லில் எல்லாம் மார்ச் முப்பத்தொன்று என்றே குத்தி, பழைய வருடச் செலவாகக் காட்டிவிடுவது.

கண்காணிப்பாளர் அம்மா இருந்தபோது ஒரு மார்ச்சில், சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் இரும்பு ஏற்றி இறக்கும் ஒருவர் வார்டில் இருந்தார். காலில் ரத்தக்குழாய் அடைப்பு. உள்ளே வைக்க வேண்டிய ஸ்டென்ட் ஏப்ரல் முதல் வாரம்தான் கிடைக்கும். பணம் உறுதியானால்தான் கம்பெனிக்காரர் தருவார். அவருடைய மனைவி தினமும் ஜன்னலுக்கு வந்து நிற்பார். "இன்னா சார், எங்க ஆளு காலு கறுத்துகினே வருது. எப்பத்தான் வரும்?" அவர் தலை தெரிந்ததுமே நான் கோப்பைப் புரட்ட ஆரம்பித்துவிடுவேன்.

முப்பத்தொன்று மாலை. ஆணை வரவில்லை. "இருக்கட்டும் மேடம், தேதியை மாத்த வேணாம்" என்றேன். கண்காணிப்பாளர் அம்மா முத்திரையை என் கையிலிருந்து வாங்கி, தன் நகத்தாலேயே ஏப்ரல் ஒன்றுக்குத் தள்ளினார். "நடக்காததை நடந்துச்சுன்னு குத்த மாட்டேன் தம்பி. ஆர்டர் வந்துடும், பாரு."

வந்தது, பதினேழு நாள் கழித்து. அதற்கு ஐந்து நாள் முன்பே அவருடைய காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆணை வந்த அன்று கண்காணிப்பாளர் அம்மா அழவில்லை. எங்கள் கடிதத்தின் நகலை எடுத்து, மேலே போட்டிருந்த மார்ச் இருபத்தேழு என்ற தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பு முத்திரையில இல்ல தம்பி. இதை ஜனவரியிலயே எழுதியிருக்கணும். ஆபீஸ் பேரு கெட்டுடும்னு பயந்துட்டேன்." நானும்தான் பயந்தேன். அந்தக் கடிதத்தைத் தேதி போடாமல் நானாகவே தட்டச்சு செய்து, அவரிடம் காட்டாமல் பிப்ரவரி முழுக்க இழுப்பறையில் வைத்திருந்தவனே நான்தான். அதை இதுவரை அவரிடம் சொன்னதில்லை.

இந்த வருடம் ஜனவரி மூன்றாம் தேதியே எழுதினேன். திட்டு விழுந்தது, அடுத்த ஒதுக்கீட்டிலும் வெட்டு விழுந்தது. ஆணையை மட்டும் காணோம். இதய வால்வுக்குக் காத்திருக்கும் காசிமேட்டு மீன்காரம்மா இரண்டு மாதமாக எங்கள் பெஞ்சில். "வந்துச்சா நைனா?" என்று மூச்சு வாங்கக் கேட்பார். எனக்கு ராத்தூக்கம் போயிற்று. மார்ச் முப்பத்தொன்றான இன்று மதியம் மூன்று மணிக்கு ஆணை வந்தது.

பணி ஓய்வு பெற்று ராயபுரத்தில் இருக்கும் கண்காணிப்பாளர் அம்மாவுக்குப் போன் செய்தேன். "நல்லது தம்பி" என்றார். பிறகு, எப்போதும் கேட்பதைத்தான் கேட்டார். "அந்தச் சாத்தாங்காட்டுக்காரரு எப்படி இருக்காரு?"

"இரும்புக் கடை கேட்ல வாட்ச்மேனா இருக்காரு மேடம். உக்காந்து பார்க்கிற வேலைதான்."

பிறகு, "தேதியை மாத்திட்டியா?" என்றார்.

முத்திரை கையில்தான் இருந்தது. "இதோ மேடம்" என்று சக்கரத்தைத் தள்ளினேன்.