மூன்று அங்குலப் பொக்கெட்டும் நான்கு அங்குலக் கொடியும்

உங்கள் சேர்ட் பொக்கெட் எத்தனை அங்குலம் அகலம்?

தெரியாதா? போன வாரம் வரை எனக்கும் தெரியாது. என்னுடையது மூன்று. சரியாக மூன்று. இந்த மூன்று அங்குலத்தால் என் முதல் மெச்சே கையை விட்டுப் போகப் பார்த்தது.

நான் வொலிபோல் ரெஃப்ரி என்பது இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ரெஃப்ரி என்று பந்தாவாகச் சொல்கிறேனே தவிர, இரண்டு வருடமாக நான் வெறும் லைன் ஜட்ஜ். பந்து உள்ளே விழுந்தால் கையில் இருக்கிற கொடியைக் கீழே காட்டணும், வெளியே விழுந்தால் மேலே தூக்கணும். அவ்வளவுதான் உத்தியோகம். சம்பளம்? ஒரு சோத்துப் பார்சல், ஒரு சோடா.

அப்படி இருந்த எனக்குத்தான் வொலிபோல் சங்கத்திலிருந்து அந்த ஃபோன் கோல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அலவத்துகொடயில் ஃபைனல். வலைக்குப் பக்கத்தில் உயரமாக ஒரு ஸ்டாண்ட் இருக்குமே... அதில் ஏறி நின்று விசில் ஊதப் போவது நான்!

கூடவே வந்தது சங்கத்தின் புதுச் சுற்றறிக்கை. வெள்ளை சேர்ட், நேவி ப்ளூ ட்ரவுசர், வெள்ளைச் சப்பாத்து. இடது பொக்கெட்டுக்கு மேலே, துணியில் தைக்கிற தேசியக் கொடி பெட்ச். பெட்ச் பொக்கெட்டின் அகலத்தைத் தாண்டக் கூடாது. உடுப்பு பிழை என்றால் ஸ்டாண்டில் ஏற முடியாது, பழையபடி கோட்டோரம்தான்.

விளையாடுகிறவர்களுக்கு இப்படி ஒரு கெடுபிடியும் கிடையாது. போன மாதம் கம்பளைப் பக்கமிருந்து ஒரு டீம் வந்தது. ஆறு பேர், ஆறு விதமான ஜெர்சி. இரண்டு பேருக்கு ஒரே நம்பர். ஒருவர் முதுகில் சீமெந்து விளம்பரம். யாராவது ஏதாவது கேட்டார்களா? நடுவில் நிற்கிற எங்களுக்கு மட்டும் அங்குலக் கணக்கு.

சரி, கண்டி டவுனில் பெட்ச் வாங்கினேன். நான்கு அங்குலம். எந்தக் கடையிலும் நான்குதான். அதை எடுத்துக்கொண்டு அலவத்துகொட ரிஸ்வி நானாவிடம் போனேன். கண்டிப் பக்கத்து ரெஃப்ரிமார் பாதிப் பேருக்கு அவர்தான் டெய்லர். நானா டேப்பை வைத்து அளந்தார். தலையைச் சொறிந்தார். ஆம்பிளைகளின் சேர்ட் பொக்கெட் நாலரை அங்குலமாம், பெண்களுக்கு மூன்றாம். சுற்றறிக்கை எழுதின மகராசன் யாருடைய சேர்ட்டை அளந்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டுமா?

பெட்ச் ஒரு அங்குலம் அதிகம். ஓரத்தை உள்ளே மடித்துத் தைக்கலாம் என்றார் நானா. எந்த ஓரம்? அதில்தான் அவர் ரொம்ப யோசித்தார்.

"சிங்கத்துட வால்ல கை வெக்க ஏலா தங்கச்சி. அரசமர எலயும் அந்தப் பக்கம்தான் ஈக்கி. பொறகு எனக்குத்தான் பிரச்சின. இங்கால வெறும் கோடுதானே?"

"மடிங்க நானா. எவன் கிட்ட வந்து பாக்கப் போறான்?"

மடித்தார். அழகாகத் தைத்தார். நானும் ஃபோனில் நாலு செல்ஃபி எடுத்தேன். நானூறு தடவை பார்த்திருப்பேன். ஒன்றும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஒரு பக்கம் கம்பளைத் தோட்டத்து டீம், மறுபக்கம் அலவத்துகொட டீம். தங்கள் ஊர் மெச் என்பதால் ரிஸ்வி நானா முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். மெச்சுக்கு இருபது நிமிடம் முன்னால் உடுப்புப் பார்க்க வந்தார் குமாரி மிஸ். சங்கத்தில் எல்லோரும் பயப்படுகிற ஆள். சப்பாத்து சரி. ட்ரவுசர் சரி. பெட்ச்சில் வந்து கண் நின்றது. யார் தைத்தது என்று கேட்டார். நான் கதிரைப் பக்கம் கையைக் காட்டினேன். நானா பாவம், எழுந்து வந்தார்.

மிஸ் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் பெட்ச்சைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்:

"சரி... இதுல நீங்க ரெண்டு பேரும் எங்க?"

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். சிங்கம் இருந்தது. வாள் இருந்தது. வால் பத்திரமாக இருந்தது. பச்சைக் கோடு இல்லை. செம்மஞ்சள் கோடும் இல்லை. முஸ்லிம்களுக்கு ஒரு கோடு, தமிழர்களுக்கு ஒரு கோடு என்று ஸ்கூலில் படித்தோமே... அந்த இரண்டையும்தான் ஒரு முஸ்லிம் டெய்லரும் ஒரு தமிழ் ரெஃப்ரியும் கலந்து பேசி, ஏகமனதாக, உள்ளே மடித்திருக்கிறோம்!

நானா நெற்றியில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பதா, ஓடிப்போய்க் கோட்டோரம் நிற்பதா என்று தெரியவில்லை. ஸ்டாண்ட் போச்சு என்றே நினைத்தேன்.

மிஸ் கையை நீட்டினார். நானாவின் சேர்ட் கொலரில் எப்போதும் ஒரு ஊசி, நூலோடு குத்தியிருக்கும். நானா அதைக் கொடுத்தார், குட்டிக் கத்தரிக்கோலையும் கொடுத்தார். கொடுத்துவிட்டு மரியாதையாக முதுகைத் திருப்பிக்கொண்டு, எதிரே நின்ற பலாமரத்தைப் பார்த்தபடி எந்தத் தையலை முதலில் வெட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மிஸ் வெட்டினார். கோடுகள் இரண்டும் வெளியே வந்து, பொக்கெட்டைத் தாண்டி, பட்டன் வரைக்கும் போய் நின்றன. மேலே இரண்டு தையல், கீழே இரண்டு தையல்.

ஆனால் சுற்றறிக்கை? இப்போது ஒரு அங்குலம் கூடிப்போச்சே? மிஸ் தன் ஷீட்டில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். கொடி சரி, பொக்கெட் பிழை என்று எழுதியிருந்தார்.

ஏறினேன். ஊதினேன். ஐந்து செட் போனது. கடைசிப் பொயின்டில் அலவத்துகொட பையன் வலையில் கை வைத்தான், நான் விசில் அடித்தேன், கோப்பை கம்பளைக்குப் போனது. இறங்கி வந்தபோது ரிஸ்வி நானா காத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கோடு ரெண்டையும் அவுக்காம ஈந்தா நீங்க ஏறியும் ஈக்க மாட்டீங்க, நாங்க தோத்தும் ஈக்க மாட்டம்."

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அந்தக் கோடுகளை வேறு யாராவது மடித்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனா? ஃபேஸ்புக்கில் பத்து போஸ்ட் போட்டு, இந்தப் பக்கத்திலும் ஒரு மாதத்துக்குக் கத்தியிருப்பேன். ஆனால் இடம் பத்தாது என்றதும் முதலில் 'மடிங்க' என்று சொன்ன வாய் யாருடையது? பஸ் சீட்டில் ஒடுங்குகிறோம், ஒபிஸ் மீட்டிங்கில் ஒடுங்குகிறோம். பழகிப் பழகி, பொக்கெட் சின்னது என்று சொல்லலாம் என்பதே மறந்துபோச்சு.

சேர்ட் இப்போது ரிஸ்வி நானா கடையில். பொக்கெட்டை நான்கு அங்குலமாக்கிக்கொண்டிருக்கிறார்.