திட்டில் இறக்கிவிட்ட பாஞ்சாலி

ஒகேனக்கலில் ஆற்றின் நடுத்திட்டில் சென்றாயன் தன் மனைவி பாஞ்சாலியை இறக்கிவிட்டபோது தண்ணீர் தெளிந்து கிடந்தது. சுள்ளி பொறுக்க வேண்டும் என்று அவள்தான் கேட்டாள்.

"சோத்து நேரத்துக்கு வந்துருங்க" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் பரிசலைத் திருப்பினார்.

அதே திட்டில் ஒரு நீர்நாய் இரண்டு குட்டிகள் போட்டிருந்தது. அவருடைய வலையைக் கடித்துக் குதறுவதே அதற்கு வேலை. கண்ணி வைக்கச் சொல்லி மற்ற மீன்காரர்கள் நச்சரித்தார்கள். சென்றாயனுக்கு மனசு வரவில்லை. வயசான காலத்தில் ஆற்றில் தனியாகத் திரிகிறவருக்கு அதன் தலை தண்ணீருக்கு மேலே தெரிந்தால் ஒரு துணை. வலை தைக்கும்போது திட்டுவார். மறுநாள் பொடிமீனைப் பாறைமேல் போட்டுவிட்டுப் போவார்.

அன்றைக்குக் கரையோரம் வலையைப் பாதி இழுத்திருப்பார். தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்கியது. நுரையும் மூங்கில் இலையும் மிதந்து வந்தன. கர்நாடகாவில் நல்ல மழை என்று பஸ்காரர்கள் பேசியது அப்போதுதான் உறைத்தது. அதை யோசிக்காமலா அவளை இறக்கிவிட்டேன்? வலையை அறுத்துவிட்டுத் துடுப்பை எடுத்தார்.

கரையில் மீன் வறுவல் கடை வைத்திருந்த சவரிமுத்து ஓடிவந்தார். பாப்பாரப்பட்டியிலிருந்து வந்து கடை போட்ட நாள் முதல் சென்றாயன் பிடிக்கிற மீன்தான் அவர் சட்டிக்கு.

"ண்ணா, போவாதீங்க. கீழ அருவி. நழுவுனா அவ்ளோதான்."

"பாஞ்சாலி திட்டுல இருக்கறா."

சவரிமுத்து கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டார். அடுப்பை எரிந்தபடியே விட்டுவிட்டு, இன்னொரு துடுப்போடு பரிசலில் ஏறினார். அவருக்கு நீச்சல் தெரியாது.

கரையோரமாக மேலேறி, பிறகு சாய்வாகக் குறுக்கே விட்டார்கள். பரிசல் சுற்றிச் சுற்றி நழுவியது. எதிரே ஒரு சுள்ளிக்கட்டு மிதந்து வந்தது. அதைக் கட்டியிருந்தது பாஞ்சாலியின் சும்மாட்டுத் துணி. சென்றாயன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"அங்க பாருங்க" என்று சவரிமுத்து கையை நீட்டினார்.

உச்சிப் பாறையில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பாஞ்சாலி நின்றிருந்தாள். இருவரும் பரிசலைப் பாறையில் அணைத்துப் பிடிக்க, இறங்கி ஏறினாள்.

"நீர்நாய் குட்டியக் கவ்வினு என் காலாண்டயே மேல ஏறிப் போச்சுங்க. ஆளக் கண்டா ஓடறது, இன்னைக்கு என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. எதுக்கோ பயந்து போவுதுன்னு நானும் பின்னாலயே ஏறிட்டேன். இன்னொரு குட்டி கீழ இருக்குதுங்க."

சென்றாயன் கீழ்ப் பொந்தைப் பார்த்தார். வாசலில் தண்ணீர் சுழித்தது. தாய் அதை நோக்கி நீந்திக்கொண்டிருந்தது. துடுப்பு அவர் கையில் அப்படியே நின்றது.

"ண்ணா" என்றார் சவரிமுத்து மெதுவாக.

சென்றாயன் பரிசலைக் கரைக்குத் திருப்பினார்.

வெள்ளம் வடியும்வரை அவர் கரையை விட்டு நகரவில்லை. பாஞ்சாலி சோற்றை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். வடிந்ததும் முதல் ஆளாகத் திட்டுக்குப் போனார். பொந்து முழுக்க மணல். மேற்குப் பக்கப் பாறையில் தாய் படுத்திருந்தது; அதன் வயிற்றோடு ஒட்டி ஒரு குட்டி. வெயில் ஏறும்வரை காத்திருந்தும் இன்னொன்று வரவில்லை.

வீட்டு வாசலில் பாஞ்சாலி நின்றிருந்தாள்.

"இருக்குதுங்களா?"

"இருக்குது" என்றார்.

எத்தனை என்று அவள் கேட்கவில்லை.