ஸ்டெல்லா மிஸ் உட்கார்ந்த பாறை

ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றிருந்தபோது முருகேசு அண்ணன் அழைத்தார். அவர் எங்கள் ஆய்வுகூடத்தின் சாரதி. "தம்பி, ஸ்டெல்லா மிஸ் தவறிட்டாங்க. மூளையில ரத்தம் கசிஞ்சிருக்கு" என்றார்.

ஸ்டெல்லா மிஸ் எங்கள் தலைமை இரத்தப் பரிசோதகர். அவரைப் பொறுமைசாலி என்று யாராவது அஞ்சலிப் பதாகையில் போட்டால் அது பொய். அங்கே இயந்திரங்களைத் திருத்துவது என் வேலை. சேர்ந்த முதல் வாரமே, "கோளாறு என்னானு பாக்க முன்னுக்கே கழட்டிருவியா? ஒனக்கு என்னா, பஸ் போயிருமா?" என்று கேட்டவர்.

அவரை நான் உண்மையில் அறிந்துகொண்டது போன வருடம், நுவரெலியாவுக்கு அப்பாலுள்ள பள்ளத்தாக்குச் சரணாலயத்துக்கு எல்லோரும் நடக்கப் போன நாளில்தான். இறங்கும்போது வெயில். புல்வெளி, மரைமான் கூட்டம், அருவி, ஆளாளுக்குப் படம். திரும்பி ஏறும்போது மூடுபனி இறங்கியது, பின்னாலேயே மழை.

முருகேசு அண்ணன் வருடம் தவறாமல் சிவனொளிபாதமலை ஏறுபவர். அங்கே போகிறவர்கள் "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்பதில்லை, களைப்பென்று சொல்வதில்லை. அந்த வழக்கத்தை அவர் இங்கேயும் கொண்டுவந்திருந்தார். நாங்களும் வாயை மூடிக்கொண்டு ஏறினோம்.

பாதி ஏற்றத்தில், பாதைநடுவே இருந்த பாறையில் மிஸ் சட்டென்று உட்கார்ந்தார். "எனக்கு முடியல. இன்னும் எவ்வளவு தூரம்?"

"அப்படிக் கேக்கக் கூடாதுங்க மிஸ்" என்றார் முருகேசு அண்ணன்.

"அது சாமி மலைக்கு. இங்க டிக்கெட் எடுத்துட்டுத்தானே வந்தோம், கேப்பேன்."

எனக்கு எரிச்சல். "தாண்டுற ஓடையில தண்ணி ஏறிரும் மிஸ், எழும்புங்க" என்றேன்.

"என்னைய எதுக்குப் பாக்குற? அவரைப் பாரு."

பார்த்தேன். அந்தக் குளிரில் முருகேசு அண்ணனுக்கு வேர்த்திருந்தது. உதடு சாம்பல் நிறம். இடது கையை வலது கையால் பிடித்திருந்தார்.

"எங்க வலிக்குது? வாயத் தொறங்க" என்றார் மிஸ்.

"சொன்னா மலை ஏத்தாதுங்க."

"சாமி குத்தம் என் தலையில வரட்டும். நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரி, எனக்குக் கணக்குப் பாக்குறது வேற ஆளு. சொல்லுங்க."

"நெஞ்சு அடைக்குது மிஸ்."

கைப்பேசியில் சிக்னல் இல்லை. மிஸ் என் பக்கம் திரும்பினார். "ஒன் அவசரத்துக்கு இப்பத்தான் வேலை வந்துருக்கு. ஓடு."

ஓடினேன். வாசல் காவலர்களிடம் தெரிந்த சிங்களத்தில் கத்தி, தூக்குப்படுக்கையோடு திரும்பினேன். மிஸ் மழையில் நனைந்துகொண்டிருந்தார். குடை முழுவதும் முருகேசு அண்ணனுக்கு. அவரைக் கண் மூடவிடாமல் மிஸ் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். முருகேசு அண்ணன் முனகி முனகி முழங்கால், சம்பளம், மருமகன் என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். "மருமகன் வேற என்னா செஞ்சான்?" என்று மிஸ் கேட்டது தூரத்திலிருந்தே எனக்குக் கேட்டது.

அண்ணன் பிழைத்தார். இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் கதை வேறு என்று வைத்தியர் சொன்னார்.

நேற்று டிக்கோயாவில் மிஸ்ஸை அடக்கம் செய்தோம். முருகேசு அண்ணன் பாரம் தூக்கக் கூடாது. ஆனாலும் பெட்டியின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தபடி, குழி வரைக்கும் எங்களோடு நடந்து வந்தார். பெட்டி இறங்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

போய் வாருங்கள், மிஸ். அண்ணனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.