ஈடு வைத்த அமானிதம்

அருளாளன் அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். அன்புச் சகோதரர்களே, என் பிழையொன்றை ஒளிக்காமல் எழுதுகின்றேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. மாரிவெள்ளத்தில் எங்கள் நாவிதன்வெளி வயல் அழுகிய ஆண்டு. என் மனைவி மட்டக்களப்பு மருத்துவமனையில் உயிருக்குப் போராடினாள். கையில் காசில்லை. வீட்டில் இருந்தவை இரண்டே: என் கறவைப் பசுவும், அயல்வீட்டுக் கைம்பெண் சபியா உம்மா தன் மகளின் திருமணத்துக்கென என்னை நம்பி அமானிதமாக ஒப்படைத்த பொன்மாலையும்.

கடைத்தெரு முதலாளி வட்டி வாங்காதவர். ஈட்டுப்பொருள் கையிலிருந்தால் போதும் என்பார். பசுவை வைத்தால் அது அவர் முற்றத்தில் நிற்கும்; ஊரே காணும். மாலையோ பெட்டிக்குள் மறைந்துவிடும். பிறர் பொருளை ஈடு வைக்க உரியவரின் ஒப்புதல் வேண்டுமென்று பள்ளிவாசலில் ஆலிமாகப் பாடம் நடத்திய நான், மாலையையே வைத்தேன்.

மனைவி பிழைத்தாள். திருமணமோ நெருங்கியது. "யா அல்லாஹ், என் மானத்தைக் காப்பாற்று" என்று தொழுகைதோறும் இறைஞ்சினேன். நெஞ்சு ஆறவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, நெற்றி நிலத்தில் பதிந்த சஜ்தாவில் என் வேண்டுதல் தானாகவே மாறியது: "மானம் போகட்டும், உண்மை சொல்லும் துணிவைத் தா." தொழுகை முடிந்ததும் நேரே சபியா உம்மாவிடம் சென்று அனைத்தையும் சொன்னேன். நெல் புடைத்துக்கொண்டிருந்தவரின் சுளகு நின்றது.

"அப்ப எண்ட புள்ளைக்கு நான் என்னத்தப் போடுற, ஆலிம்சா?"

"எண்ட பசுவக் கட்டிப்போட்டு மாலைய எடுத்துத் தாறன், ராத்தா."

"அத அண்டைக்கே செஞ்சிருக்கலாமே. பசு வெக்கப்படவா போவுது?"

பட்டப்பகலில் பசுவை நடத்திச் சென்றேன். அவரும் பின்னால் வந்தார். முதலாளி பசுவைச் சுற்றிப் பார்த்தார்.

"மாலைக்கு இந்த மாடு கட்டாது, ஆலிம்சா."

சபியா உம்மா முன்னால் வந்தார்.

"மிச்சத்துக்கு நான் பிணை, காக்கா. அது எண்ட மாலைதான்."

முதலாளி திகைத்தார். "உங்கட மாலைய உங்களக் கேக்காமக் கொண்டுவந்து வெச்சவருக்கு நீங்களே பிணையா?"

"ஓம். அவரா வந்து சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

முதலாளி பெட்டியைத் திறந்தார்.

மறுபோகம் விளைந்ததும் கடன் தீர்ந்தது. அன்று முதல் பிறர் பார்வைக்கு அஞ்சி நான் எதையும் ஒளித்ததில்லை. நான் கேட்டது துணிவு மட்டுமே. அநீதியிழைக்கப்பட்டவரையே எனக்குப் பிணையாக நிறுத்தினான் என் இறைவன். நெருக்கடியில் இருப்போரே, பிழையை மறைக்கும் திரையை அவனிடம் கேளாதீர்; உண்மையின் பக்கம் நடக்கக் கால்களைக் கேளுங்கள். அவன் தருவான்.